'கழட்டிருலாம் அண்ணே, ஒண்ணும் பேடிக்காண்டாம்!' - காரில் கன்வெர்ட்டர் பழுதானால் என்ன செய்வது?

இரணியலில் இருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர், பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டாஷ்போர்டில் மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' லைட் எரிகிறது. மேட்டில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. திங்கள்சந்தைப் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பதில் இப்படி வருகிறது: "கன்வெர்ட்டர் போச்சு. புதுசு போட்டா ரூவா எக்கச்சக்கம் ஆவும். கழட்டி நேர் பைப் வச்சிருலாம் அண்ணே, நல்ல பிக்கப் கிடைக்கும்லா!"

குமரி மாவட்டத்தில் மட்டும் கேட்கும் பேச்சு அல்ல இது. தமிழ்நாடு முழுக்க, எல்லை தாண்டி கேரளத்திலும் கேட்கலாம். கழட்டலாமா?

அது என்ன செய்கிறது?

இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருக்கும் உலோகக் கூடுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று விஷங்களையும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜனாக மாற்றுவது இந்தப் பூச்சு. நல்ல நிலையில், சூடேறிய பிறகு, 90 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும்.

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயமில்லாத பெட்ரோலும் அதோடு சேர்ந்தே அங்கே வந்தது. இன்று பிஎஸ் 4, பிஎஸ் 6 கார் எதுவானாலும் கன்வெர்ட்டர் இல்லாமல் அந்தத் தரத்தை எட்டவே முடியாது.

முதலில், போனது அதுதானா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஸ்கேனர் போட்டால் 'பி 0420' என்ற கோடு வரும். 'கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவு' என்று பொருள். உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும், சைலன்சர் பைப்பில் சின்ன ஓட்டை விழுந்தாலும் அதே கோடு வரலாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது: "லைவ் டேட்டா காட்டுங்க." வண்டி நன்றாகச் சூடான பிறகு, பின் சென்சாரின் வோல்டேஜ் பெரிதாக ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் துள்ளினால், சந்தேகம் நியாயம்தான். அடைப்பு என்று சொன்னால், முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கலாம். தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது, அதற்கு வேறு சோதனை தேவையில்லை.

இன்னொன்று. கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மிஸ்ஃபயர் ஆகும் இன்ஜின், ஆயில் குடிக்கும் இன்ஜின், பழைய ஸ்பார்க் பிளக் என ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. மழையில் தேங்கிய தண்ணீருக்குள் சூடான வண்டியை இறக்குவதும், வேகத்தடையில் அடி தட்டுவதும் பீங்கானை உடைக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிது மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும்.

பிக்கப் கூடுமா?

அடைத்துக் கிடந்ததை எடுத்தால் வண்டி பறக்கத்தான் செய்யும், மூக்கடைப்பு விட்டதுபோல. ஆனால், நல்ல கன்வெர்ட்டர் உள்ள சாதாரண காரோடு ஒப்பிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியும்படி வித்தியாசம் அநேகமாக இருக்காது. பதிலுக்கு 'செக் இன்ஜின்' லைட் நிரந்தரமாக எரியும். அதை அணைக்க சென்சாரை ஏமாற்றுவார்கள், அல்லது இசியு-வில் கை வைப்பார்கள். நாளை வேறு கோளாறு வந்தால் அந்த லைட்டை நம்ப முடியாது.

அப்புறம் ஒரு சங்கடமான கேள்வி: கழற்றிய பொருள் எங்கே போகிறது? உள்ளே இருக்கும் பல்லேடியம் 2022 மார்ச்சில் அவுன்ஸுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. பிறகு விலை நன்றாக இறங்கியது, ஆனாலும் பழைய கன்வெர்ட்டருக்கு இன்றும் மதிப்பு உண்டு. மாருதி ஈகோ வேன்களில் இதை மட்டும் அறுத்துத் திருடிய கும்பல்கள் சும்மாவா கிளம்பின? 'கழட்ட கூலி வேண்டாம்' என்று யாராவது பெருந்தன்மை காட்டினால், பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் இருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்தில் இருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியும் போகும்.

"யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?" என்று கேட்கலாம். சாலைச் சோதனையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால், பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாத கார் ஒழுங்காகச் சோதித்தால் இதில் தேறுவது கஷ்டம். வண்டிக்கு 15 வருடம் ஆகி பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும், விற்கும்போதும் கேள்வி வரும். கேரளப் பதிவு கார்களை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் நம்மூர்க்காரர்கள், வாங்கும் முன் லிஃப்டில் ஏற்றி அடியில் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. முந்தைய ஓனர் செய்த வேலைக்குப் புதிய ஓனர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போ வழி?

கம்பெனி பாகம் விலை அதிகம்தான், பழைய காருக்கு அந்தச் செலவு மனசு வராது. முதலில் சென்சார், பிளக், லீக் பாருங்கள். பல வண்டிகள் அதிலேயே தேறிவிடும். வண்டி புதிதென்றால் வாரண்டி புத்தகத்தைப் புரட்டுங்கள். உண்மையிலேயே கன்வெர்ட்டர் போயிருந்தால், உங்கள் மாடலுக்கும் பிஎஸ் தரத்துக்கும் பொருந்தும் வெளிக்கம்பெனி பாகம் பில்லோடு கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். வெறும் கூடு மட்டும் இருக்கும் 'டம்மி' வேண்டாம். அடைப்போடு நாள்கணக்கில் ஓட்டுவதும் கூடாது, சூடேறி இன்ஜினையே பதம் பார்க்கும். வண்டியின் விலையைவிட ரிப்பேர் செலவு பெரிதாகத் தெரிந்தால், அந்தக் கோளாறைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடலாம்.

டீசல்காரர்களுக்கு ஒரு வரி: பிஎஸ் 6 டீசலில் அடைப்பது பெரும்பாலும் புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப். தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது அடைக்கும். எச்சரிக்கை லைட் வந்ததும் வண்டியின் கையேட்டில் சொன்னபடி நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால், பல சமயம் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.