தொண்டர் தலைமை

தலைவராக விரும்புவோர் முதலில் தொண்டராக வேண்டும் என்ற கொள்கைக்கு, அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீப் 1970-ஆம் வருஷத்தில் ஒரு கட்டுரை வாயிலாகப் பெயர் சூட்டினார். பெயர்தான் புதிது. நம் தேசத்தில் அக்கொள்கை நெடுநாள் பரீட்சிக்கப்பட்டது. அதன் குணமும் குற்றமும் காங்கிரஸ் சரித்திரத்திலேயே பதிந்து கிடக்கின்றன. நாமோ குணத்தை மட்டும் பாடி வருகிறோம்.

1901-இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள் காரியதரிசி கோஷாலிடம் சென்று வேலை கேட்டார். குவிந்து கிடந்த கடிதங்களைப் பார்க்கும் குமாஸ்தா வேலை கிடைத்தது, மனமுவந்து செய்தார். கோஷாலின் சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிடவும் அவர் கூசவில்லை. மகாசபையின் காரியங்கள் எவ்வாறு நடக்கின்றன, எங்கே காலம் வீணாகிறது என்பவற்றை அங்கே அவர் நேரில் கண்டார். பின்னர் 1920-இல் நாகபுரியில் நாலணாச் சந்தாவும் கிராமம் வரை கிளைகளும் கொண்ட புதிய அமைப்பு விதியை வகுத்தவர் அவரே. பணிவிடையால் வரும் லாபம் இது. இதை யாரும் மறுக்கவியலாது.

அதே கல்கத்தாவில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பிரதிநிதிகள் தங்கிய இடத்தில் கக்கூஸ்கள் சகிக்கவொண்ணாத நிலையில் இருந்தன. தொண்டர்களிடம் சொன்னார். தொண்டர் என்ற பெயர் தரித்த அவர்களே, அது தோட்டியின் வேலை என்று கூறிவிட்டனர். துடைப்பம் ஒன்றைத் தேடி வாங்கி அவரே சுத்தம் செய்தார். பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்களேயன்றித் துடைப்பத்தைத் தொடவில்லை. முன்மாதிரி தானாகவே பரவிவிடும் என்று நம்புவோர் இதனைக் கவனிப்பார்களாக.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1934-இல் காந்தியடிகள் காங்கிரஸில் தமது சாதாரண அங்கத்தினர் ஸ்தானத்தையும் துறந்தார். ஸ்தானம் போயிற்று, செல்வாக்குப் போகவில்லை. 1939-இல் சுபாஷ் சந்திர போஸ், அடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை 200-க்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்கடித்து, மீண்டும் அக்கிராசனராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வியே என்று அடிகள் அறிவித்தார். பின்னர்க் கூடிய திரிபுரி காங்கிரஸில், காரியக் கமிட்டியை அடிகளின் விருப்பப்படியே நியமிக்க வேண்டுமென்ற பந்த் தீர்மானம் நிறைவேறியது. அடிகளோ திரிபுரிக்கு வரவேயில்லை, ராஜ்கோட்டில் இருந்தார். உடன்பாடு ஏற்படாமல் ஏப்ரல் மாதத்தில் போஸ் ராஜீனாமாச் செய்தார்.

போஸின் கொள்கை சரியா, தவறா என்பது வேறு விஷயம். வாக்குப் பெற்றவர் விலக நேர்ந்தது. எவருடைய வாக்கையும் கோராதவரை விலக்குவதற்கு விதியே இல்லை. பதவியில் இருப்பவனை அடுத்த தேர்தலில் இறக்கலாம். வெறும் தொண்டனை எங்கிருந்து இறக்குவது? அவனைக் கண்டித்தாலும் நன்றி கொன்ற பழி வந்து சேரும். அடிகளின் தூய்மையில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதே ஏற்பாடு தூய்மையற்றவன் கையில் சிக்கினால் என்னாகும் என்பதே நம் கேள்வி. மக்கள் சேவகன் என்று சொல்லிக்கொண்டு எதற்கும் கணக்குக் காட்டாத பேர்வழிகளை நேயர்கள் அறிவார்கள்.

இதற்குரிய பரிகாரத்தையும் அடிகளே எழுதிச் சென்றார். காங்கிரஸைக் கலைத்து லோக சேவக சங்கமாக மாற்றுவதற்கு 1948 ஜனவரி 29-இல் ஒரு நகல் தயாரித்தார், மறுநாள் கொல்லப்பட்டார். ஐவர் கூடி ஒரு பஞ்சாயத்து. அடுத்தடுத்த இரு பஞ்சாயத்துகளுக்குத் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த ஒரு தலைவர். ஒவ்வோர் ஊழியரும் தம் அன்றாட வேலையைக் குறித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. காங்கிரஸைக் கலைக்கச் சொன்னார் என்பதை இன்றும் மேடைதோறும் முழங்குகிறார்கள். அன்றாடக் குறிப்பைப் பற்றி வாய் திறப்பவரைக் காணோம்.