ஒத்திப் பணத்தில் மாடி: வட்டிக்குப் பயந்து வட்டிக்குள்ளேயே விழுகிறோமா?

திண்டுக்கல்லில் பேகம்பூர், நாகல் நகர், ரவுண்ட் ரோடு பக்கம் வீடு தேடிப் போனால் எதிர்ப்படும் கேள்வி, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது ஒத்தி. வீட்டுக்காரருக்கு மாடி கட்டப் பணம் கிடைக்கிறது. குடியிருப்பவருக்கு மாத வாடகை மிச்சம். வங்கிக் கடன் வேண்டாம் என்று ஒதுங்கும் நம் சகோதரர்கள் பலர், ஒன்றிரண்டு வீடு கட்டி விடுவதற்கு நம்பியிருப்பது இந்தப் பணத்தைத்தான்.

அவர்களுக்கு வேறு வாசல் திறக்கப்படவில்லை என்பதும் உண்மை. 2008ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017ல் ரிசர்வ் வங்கி, இஸ்லாமிய வங்கி முறையை மேற்கொண்டு பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்ததாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலளித்தது. அத்துடன் பேச்சு நின்றுபோனது.

ஆனால் ஒத்தி, வட்டியிலிருந்து தப்பிக்கும் வழியா? திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், நாம் என்ன பெயர் வைத்தாலும் கடன்தான். கடன் கொடுத்தவர் அதற்காக வீட்டை இலவசமாக அனுபவித்தால் அந்த அனுபவமே வட்டி என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. பெயருக்கு இருநூறு, முந்நூறு வாடகை போட்டுக்கொள்வதால் இது மாறிவிடாது. வங்கி வட்டியைக் கண்டு அஞ்சுகிற நாம், பக்கத்து வீட்டுக்காரருடன் செய்யும் ஒப்பந்தத்தை மட்டும் ஏன் கேள்வி கேட்பதில்லை?

மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டத்தையும் பார்ப்போம். ஒத்திப் பணம் பெரும்பாலும் ரொக்கமாகவே கைமாறுகிறது. கடனோ வைப்புத் தொகையோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. 5 லட்சம் வாங்கியிருந்தால் அபராதமும் 5 லட்சம். ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தாலும் இதே கதிதான். 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இத்தடை உள்ளது. வாடகையே வாங்கவில்லை என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. அந்த வீட்டுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையை வருமானமாகக் கணக்கிட சட்டம் அனுமதிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நேராக வாடகை வாங்கிக் கணக்குக் காட்டினால் பலருக்கு வரியே வராது. மாதம் 8,000 வீதம் இரண்டு வீடுகள் என்றால் ஆண்டுக்கு 1,92,000 ரூபாய். மாநகராட்சிக்குச் செலுத்திய சொத்து வரி 5,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 1,87,000. இதில் 30 சதவீதம் பராமரிப்புக்காகக் கேள்வியின்றிக் கழிக்கப்படும். வருமானமாகக் கொள்ளப்படுவது 1,30,900 மட்டுமே. 2025-26 முதல் புதிய வரி முறையில், உள்நாட்டில் வசிப்பவரின் மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி மூலம் வரி பூஜ்யமாகிவிடுகிறது. 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். "லோன் போட்டால் வரி மிச்சம்" என்ற ஆடிட்டர்களின் பழைய யோசனையும் இப்போது வலுவிழந்துவிட்டது. புதிய முறையில், வட்டியால் வரும் வீட்டு நட்டத்தைச் சம்பளத்திலோ வியாபாரத்திலோ கழிக்க முடியாது.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதத்தைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். சிறு தொகைக்கும் விலக்கு இல்லை. கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும்.

ஒத்திக்குப் போகும் குடும்பத்தின் நிலை இன்னும் பரிதாபம். நகையை விற்றும், மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததை எடுத்தும் கொடுக்கிறார்கள். கையில் இருப்பதோ பதிவு செய்யாத ஒரு முத்திரைத்தாள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை தவறினால், 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடும். பதிவு செய்யாத தாள் வங்கியின் முன் நிற்காது. பணம் கொடுக்கும் முன் பத்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்பது சில நிமிட வேலை. ஆனால் வில்லங்கத்தில் ஏறாத அடமானமும் இருக்கலாம் என்பதால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மாற்று வழி இருக்கிறது. ஒத்திக்குப் பதில் முன்வாடகை. மாதம் 8,000 வாடகை வீட்டை, இரண்டு ஆண்டு வாடகையை முன்கூட்டியே தருபவருக்கு 7,500க்கு விடலாம். 1,80,000 ரூபாய் வங்கி வழியாகக் கைக்கு வரும். மாதாமாதம் அது கழிந்துகொண்டே போகும். இது கடனல்ல, வாடகை. இடையில் காலி செய்தால் குடியிருக்காத மாதங்களுக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். ஒத்தி அளவுக்குப் பெரிய தொகை வராதுதான். மாடி ஒரே மூச்சில் எழும்பாது. அல்பகராவின் 282வது வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. தமிழகத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியுள்ளது.

ஜகாத் குறித்தும் கேட்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வாடகை வருமானத்தில் நிஸாப் அளவு சேர்ந்து ஓராண்டு நிறைந்தால் இரண்டரை சதவீதம் என்பதே பரவலான ஃபத்வா. ஒத்தியாக வாங்கி வைத்திருக்கும் பணமோ, திருப்பிக் கொடுக்கும் நாள்வரை தலைமேல் இருக்கும் கடன்.