சித்தி ஜுனைதா பேகம்... இந்தப் பெயருக்குள் ஒரு படையே இருக்கு!

ஃபாத்திமா, ஆயிஷா, மும்தாஜ்... அடிக்கடி காதில் விழும் பெயர்கள். 'ஜுனைதா' என்று யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? 'ஜுனைத்' உண்டு, ஆண்களுக்கு வைப்பார்கள். அதன் பெண்பால் அபூர்வம்தான். ஆனாலும் தமிழ் நாவல் வரலாற்றில் அந்தப் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது. 1938-ல் வெளிவந்த 'காதலா? கடமையா?' நாவலை எழுதியவர் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்ணாக அறியப்படுபவர்.

சரி, ஜுனைதா என்றால் என்ன?

அரபியில் 'ஜுந்த்' என்றால் படை. ஒன்றைச் சின்னதாகவோ செல்லமாகவோ சொல்ல, அரபியில் அந்தச் சொல்லின் நடு ஓசையை மாற்றிவிடுவார்கள். 'ஹஸன்', 'ஹுஸைன்' ஆனது அப்படித்தான். அதே அச்சில் 'ஜுந்த்', 'ஜுனைத்' ஆகிறது. அதாவது, குட்டிப் படை! கடைசியில் 'ஆ' சேர்ந்தால் பெண்பெயர். இதைப் பிரபலமாக்கியவர் பாக்தாத் நகரின் சூஃபி ஞானி ஜுனைத். 910-ல் மறைந்தவர். பல சூஃபி மரபுகளின் குரு வரிசையில் இவர் பெயர் வரும். தர்கா ஊரான நாகூரில் அப்படியொரு பெயர் வைத்ததில் ஆச்சர்யமில்லை.

முன்னால் இருக்கும் 'சித்தி'யைப் பார்த்து அம்மாவின் தங்கை என்று நினைத்துவிடாதீர்கள். 'என் தலைவி' எனப் பொருள்படும் 'ஸய்யிததீ' என்ற அரபுச் சொல், பேச்சில் தேய்ந்து 'ஸித்தீ' ஆனது. மலேசியப் பாடகி சிட்டி நூர்ஹலிசாவின் 'சிட்டி'யும் இதே சொல்தான். கடைசியில் உள்ள 'பேகம்' துருக்கியக் குடும்பத்துச் சொல். 'பேக்' என்றால் பிரபு. அவர் வீட்டுச் சீமாட்டி பேகம்.

தலைவி, குட்டிப் படை, சீமாட்டி. இவ்வளவு கம்பீரமான பெயரைச் சுமந்த அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். 1917-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம். அதன் பிறகு தமிழ் படித்ததெல்லாம் தானாகப் படித்ததுதான். முஸ்லிம் பெண்கள் வாசலுக்கு வருவதே பேச்சான காலத்தில், நாவலின் அட்டையில் சொந்தப் பெயரையே போட்டார். புனைபெயருக்குள் ஒளிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். புத்தகத்துக்கு முன்னுரை தந்தவர், தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர்!

தொடர்ந்து எழுதினார். அவரது இன்னொரு நாவலின் தலைப்பு, 'செண்பகவல்லி தேவி அல்லது தென்னாடு போந்த அப்பாஸிய குலத் தோன்றல்'. அப்பாஸியர்கள், பாக்தாத்தைக் கட்டி ஆண்ட வம்சம். சூஃபி ஜுனைத் வாழ்ந்ததும் அவர்கள் ஆட்சியில்தான். 1998-ல் காலமானார் ஜுனைதா பேகம்.

உங்கள் வீட்டில் புதுசாக ஒரு 'குட்டிப் படை' வந்திருந்தால், இந்தப் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.