சிக்னலில் பிள்ளையார் நடுங்குகிறாரா?

சிக்னலில் கார் நிற்கிறது. ஏ.சி. ஓடுகிறது. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் கிடுகிடுவென நடுங்குகிறார். "என்னங்க, வண்டி ஏன் இப்படி ஆடுது?" என்கிறார் மனைவி. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று கிளட்ச்சை விடுகிறார் கணவர். அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

நடுக்கமும் 'டொக்'கும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் மவுன்ட்டிங். இது தெரியாமல் போனால், 'இன்ஜினையே இறக்கணும்' என்று யாராவது சொல்லும்போது தலையாட்ட வேண்டிவரும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த அந்தக் கனத்த உருப்படியை நேரடியாக பாடியில் முடுக்குவதில்லை. நடுவில் தடித்த ரப்பர் இருக்கும். முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார்களில் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: இன்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, கீழே எலும்புத்துண்டு மாதிரி ஒன்று. முதல் இரண்டும் எடையைத் தாங்கும். மூன்றாவது, இன்ஜின் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்தும். சில கார்களில் மவுன்ட்டிங்குக்குள் திரவமும் இருக்கும்.

இது ஏதோ சொகுசுச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1965 முதல் 1969 வரை வந்த செவர்லே கார்கள் பலவற்றில் மவுன்ட்டிங் ரப்பர் பிரிந்து, இன்ஜின் தூக்கிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டர் இணைப்பையே இழுத்துவிட்டது. 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது ஜெனரல் மோட்டார்ஸ். இன்றைய கார்களின் அமைப்பு வேறு. ஆனாலும் இன்ஜின் அளவுக்கு மீறி ஆடினால் சைலன்ஸர் பைப், ஹோஸ், வயர், டிரைவ் ஷாஃப்ட் எல்லாமே அடிவாங்கும்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு, ரப்பர் இரும்பைவிட்டு உரிந்திருப்பது, ஒரு பக்கமாக அமுங்கிக் கிடப்பது, திரவம் கசிந்த கறை, இவைதான் அடையாளங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். வெடிப்பு ஆழமாக இருந்தால்தான் சிக்கல். ரப்பரில் இன்ஜின் ஆயில் படிந்திருந்தால் ஒழுகலை முதலில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய ரப்பரும் சீக்கிரம் ஊறிப்போகும்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பார்ப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கிட்டேயே வரக் கூடாது. துப்பட்டா, புடவைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கலாம், கவனம். ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்ச்சை வண்டி இழுக்கத் தொடங்கும் அளவுக்கு மட்டும் விட்டு, உடனே மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல. ஆட்டோமேட்டிக் என்றால் டி, ஆர் மாற்றினால் போதும். இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்புவது இயல்பு. எகிறி எழுந்தாலோ, இரும்பில் இரும்பு இடித்தாலோ மவுன்ட்டிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டிக்கு அடியில் இருப்பதை மெக்கானிக் பார்க்கட்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது.

எல்லா நடுக்கத்துக்கும் மவுன்ட்டிங் மேல் பழிபோடவும் கூடாது. மூன்று சிலிண்டர் வண்டி பிறவியிலேயே கொஞ்சம் ஆடும். அதே மாடல் கார் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டால் போதும். இன்ஜின் விட்டுவிட்டுத் துடித்தால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் பக்கம் பார்க்கலாம். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் உதறினால் அது வீல் பேலன்சிங்.

மாற்றுவதற்குப் பெரும்பாலான கார்களில் இன்ஜினை இறக்கத் தேவையில்லை. கீழே முட்டுக்கொடுத்துத் தாங்கியபடியே மாற்றிவிடுவார்கள். ஒன்று போனால் மற்றவற்றின் மேலும் சுமை ஏறியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், தூசி படிந்த பாகங்களுக்கு நடுவே ஒரே ஒரு மவுன்ட்டிங் மட்டும் பளபளவென்று இருந்தால், "இது எப்பங்க மாத்துனது, எதுக்கு?" என்று கேட்டுவிடுங்கள். கிளட்ச் வேலைக்கு என்றால் பில்லைக் காட்டச் சொல்லலாம். பதில் மழுப்பலாக வந்தால், வண்டி எங்காவது இடித்திருக்கிறதா என்று சேஸிஸ் பக்கம் டார்ச்சைத் திருப்ப வேண்டியதுதான்.