புள்ளி இடாத ஆசிரியர்

‘ரியூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் நாட்டில் அடைந்த கதி விசித்திரமானது. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தனியார் வகுப்பும், நூற்றுக்கணக்கான மாணவர் முன்னிலையில் ஒலிபெருக்கி பிடித்துப் போதிப்பவரும், ‘ரியூட்’ என வழங்கும் அச்சிட்ட குறிப்புத் தாள்களுமே அச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன. சொல் பிறந்த இலத்தீன் மொழியிலோ அது காப்பாளனைக் குறித்தது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஒக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ மகனை அனுப்பிய தந்தை, பணத்தை மகன் கையிற் கொடுக்கவில்லை, ரியூட்டரிடமே அனுப்பினார். மாணவனின் செலவுக்குக் கல்லூரியிடம் பொறுப்பு நின்றவர் அவர். அவன் என்ன படிக்கிறான், எவரோடு பழகுகிறான் என்பதைத் தந்தைக்கு எழுதியவரும் அவரே.

காலப்போக்கில் அவ்விரு பல்கலைக்கழகங்களும் வெவ்வேறு வழியிற் சென்றன. ஒக்ஸ்போர்டில் ரியூட்டர் பாடஞ் சொல்பவராகவே நிலைத்தார். வாரந்தோறும் மாணவன் எழுதி வரும் கட்டுரையை ஓர் அறையில் இருவரோ மூவரோ அமர்ந்து துருவி ஆராயும் முறை அவரால் வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் வேலை பிரிக்கப்பட்டது. படிப்பைத் திட்டமிட ஒருவர். சிறு குழுவில் கற்பிக்க வேறொருவர். ரியூட்டர் என்பவர் மாணவனின் நலன் நாடும் மூன்றாமவர். இந்த மூன்றாமவர் வழக்கமாக அவனுடைய பாடத்தைச் சேராதவர். பௌதிகம் பயிலும் மாணவனுக்கு வரலாற்றாசிரியர் ஒருவர் ரியூட்டராக இருப்பார். இஃது ஆள் பற்றாக்குறையால் நேர்ந்ததன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ‘எனக்கு இந்தப் பாடம் விளங்கவில்லை, வீட்டிலே பணமில்லை, இரவில் உறக்கம் வருவதில்லை’ என்பதை, நாளை தன் விடைத்தாளைத் திருத்தப் போகிறவரிடம் எந்த மாணவன் சொல்வான்?

நம்முடைய மரபு இரு வேலைகளையும் ஒருவரிடமே எதிர்பார்த்தது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகள் காட்டுகிறார். நிலம் பொறுத்துக்கொள்வது, நிறைகோல் எவர் பக்கமும் சாயாது நிறுப்பது. ஆசிரியர் இல்லத்தில் சில மாணவரே தங்கிக் கற்ற காலத்தில் ஒரே மனிதர் நிலமாகவும் நிறைகோலாகவும் இருத்தல் இயன்றிருக்கலாம். பெயர் தெரியாத முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தில் அது நடவாத காரியம். பவணந்தியாரின் இலக்கணத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. அந்த நான்கு குணங்களையும் ஓர் ஆசிரியரிடமன்றி ஓர் ஆசிரியர் சமூகத்திடம் தேடவேண்டிய காலம் இது.

1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் நிலையமாகவே இருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதல் உபவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் தாமே கேம்பிரிட்ஜில் கற்றவர். மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழவேண்டும் என்ற எண்ணத்துடன் பேராதனையைக் கட்டியெழுப்பியவர். 1952இல் பல்கலைக்கழகம் அங்கே பெயர்ந்தது. இராமநாதன், அருணாசலம் முதலிய பெருமக்களின் பெயர் தாங்கிய விடுதிகளுக்கு விரிவுரையாளர்களே வார்டன்களாயினர். ஆனால் விடுதியை ஆளுவதும் ஒழுங்கைக் காப்பதுமான வேலை வார்டனின் நேரத்தை விழுங்கிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் மாணவர் நெருங்குவதற்கு ஓர் எல்லை உண்டு.

இன்று அந்த ஒரு பல்கலைக்கழகத்தின் இடத்தில் 17 அரச பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆண்டுதோறும் 40,000 பேருக்கு மேல் அனுமதி பெறுகின்றனர். இவர்களுள் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்தோ வன்னிக் கிராமம் ஒன்றிலிருந்தோ, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பவர். உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் பயின்றவர். முதல் வாரமே ஆங்கில விரிவுரையில் அமர்த்தப்படுகிறார். பாடசாலையில் முதல்வராய் இருந்தவர் இங்கே முதற் பரீட்சையில் நடுவிலோ கடையிலோ நிற்கிறார். மஹாபொல புலமைப்பரிசில் 1981 முதல் உண்டெனினும், அதன் தவணை பிந்தும் மாதத்தில் வீட்டிலிருந்து பணம் கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. ஆய்வுகூட வகுப்புக்கு ஒருநாள் வரவில்லை, மறுவாரமும் இல்லை. வரவுப் பதிவேட்டில் இரண்டு வெற்றிடங்கள் விழுகின்றன. அவற்றைக் கண்டு, ‘இவருக்கு என்ன?’ என்று கேட்பது எவருடைய கடமையும் அன்று.

இந்த மௌனத்துக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. பல பீடங்களில், ஒரு பாடத்தைத் தவறவிட்டு மீளத் தோற்றுபவர் எவ்வளவு திறமையாக எழுதினாலும் ‘சி’ தரத்துக்கு மேற் பெற இயலாது. உரிய காலத்தில் வைத்தியச் சான்றிதழ் கொடுத்தவருக்கே விலக்கு. காய்ச்சலாயின் மாணவர் வைத்தியரிடம் போவார். மனச்சோர்வுக்கும் சான்றிதழ் பெறலாம் என்பதை அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? முதலாம் ஆண்டில் விட்ட ஒரு பரீட்சை நான்காம் ஆண்டின் வகுப்புச் சித்தியைக் கெடுக்கிறது. அத்தோடு விரிவுரையாளராகும் வாய்ப்பும் போய்விடுகிறது. விதி தெரிந்த ஒருவர் தக்க வேளையில் பத்து நிமிடம் பேசியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு இது.

மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்களே எனக் கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்களிற் பலர் தம் உறக்கத்தையும் விட்டு உழைப்பவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் பெரும்பாலும் அதே பீடத்து விரிவுரையாளர். காலையில் கற்பிப்பவர், மாலையில் புள்ளியிடுபவர். பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர், வளாகத்தில் ஒழுங்கைக் கண்காணிக்கும் சுமையும் அவர் தலையில் ஏறியிருக்கிறது. ஆகவே அவருடைய அறைக்குள் ஒரு மாணவர் நுழைந்தால், முறையிடப் போனாரோ விசாரணைக்குப் போனாரோ என்று வெளியே நிற்பவர் பார்ப்பர். மூத்த மாணவரின் பார்வைக்கு அஞ்சும் புதுமுகம் அக்கதவைத் தட்டுமா?

உண்மையில் நம் பல்கலைக்கழகங்களில் ரியூட்டர் வேலையைச் செய்துவருபவர் வேறொருவர். அதற்காக அவருக்கு எவரும் நன்றி சொல்வதுமில்லை. அவரே தற்காலிக உதவி விரிவுரையாளர். நேற்றுப் பட்டம் பெற்றவர். சிற்றுண்டிச்சாலையில் மாணவரோடு ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிப்பவர். எந்த விரிவுரை எவருக்கும் விளங்கவில்லை என்பதையும், யார் பகலுணவைத் தவிர்க்கிறார் என்பதையும் அறிந்தவர். ஓராண்டு ஒப்பந்தம் முடிய அவர் போய்விடுவார். அவர் அறிந்தவையும் அவரோடு போய்விடும். தம் எதிர்காலமே உறுதியற்ற ஒருவரிடம் பிறர் எதிர்காலத்தைத் தாங்கும்படி விட்டிருப்பது நியாயமன்று.

பணமில்லை, ஆளில்லை என்று நிர்வாகத்தினர் சொல்வர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர் என்பதும் மெய்யே. இருப்பினும் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாணவர். அரையாண்டு ஒன்றில் ஒவ்வொருவருக்கும் இருமுறை, முறைக்கு 20 நிமிடம். மொத்தம் எட்டு மணி நேரம். பதினைந்து வாரத்தில் எட்டு மணி நேரமென்பது தாங்கவொண்ணாச் சுமையன்று. ஆனால் அந்த எட்டு மணியும் கடமை நேரமாகப் பதியப்படவேண்டும். பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு அருகே அதற்கும் ஓர் இடம் வேண்டும். கணக்கில் வாராத கருணை முதல் அரையாண்டோடு களைத்துவிடும்.

அடுத்ததாக, பீடங்கள் தம்முள் மாணவரை மாற்றிக்கொள்ளட்டும். கலைப்பீட மாணவருக்கு விவசாயபீட ஆசிரியர். பொறியியல் மாணவருக்கு மொழித்துறை ஆசிரியர். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மாணவர் சொன்னது துறைத் தலைவரின் கோவையிற் சேராது என்ற உறுதியும் வேண்டும்; உயிருக்கு ஆபத்தென்னும் நிலைமை ஒன்றே அதற்கு விலக்கு. ரியூட்டர் மனநல வைத்தியர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லெண்ணம் மிகுந்த சிலர் தாமே சிகிச்சை செய்யப் புறப்பட்டுவிடுகின்றனர், இஃது ஆபத்தானது. எந்த வேளையில் எந்த வைத்தியரிடம் அனுப்புவது என்று தெரிந்திருந்தாற் போதும். முதன்முறை கூடவே நடந்து போய்விட்டு வருவாராயின் இன்னும் நன்று.

தமிழ் வாசகர் சிந்திக்க இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலியிலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பயிலும் நம் பிள்ளைக்குத் தன் மொழியில் அழவாவது முடிகிறது. மொறட்டுவையிலும் மாத்தறையிலும் பயிலும் தமிழ் மாணவர், தேர்ச்சி குன்றிய ஆங்கிலத்திலோ அரைகுறைச் சிங்களத்திலோ தம் துயரத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. துயரம் மொழிபெயர்ப்பைப் பொறுத்துக்கொள்வதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பயிலும் சிங்கள மாணவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டென்பதை மறத்தலாகாது. தமிழ் பேசும் ஆசிரியர் ஏதேனுமொரு பீடத்தில் ஒருவரோ இருவரோ இருப்பின், புதுமுக மாணவர் வந்திறங்குமுன் அவர்தம் பெயரையும் அறை இலக்கத்தையும் அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பலாம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.