வயலில் காத்ததைக் கிடங்கில் இழக்கலாமா?

இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எருவைப் பற்றியும் பயிரைப் பற்றியுமே பேசுகின்றனர். தொழுவுரம், பசுந்தாள் உரம், பஞ்சகவ்யம், வேப்பங்கொட்டைக் கரைசல் ஆகியவற்றின் பயன் நம் அங்கத்தினர் பலரும் அறிந்ததே. ஆனால், அறுவடையான பொருள் எந்தச் சாக்கில் ஏறுகிறது, எந்த ஆலையில் அரைபடுகிறது, எந்தக் கிடங்கில் தங்குகிறது என்னும் கேள்விகள் நம் சங்கக் கூட்டங்களில் எழுவது அரிது. சான்று பெற்ற விளைபொருளுக்கு வயலில் நேரும் கேட்டினும், வயலை விட்டு வந்தபின் நேரும் கேடே பெரிது என்பது எமது கருத்து.

அரசினர் அங்கக வேளாண்மை என வழங்கும் இம்முறைக்கு 2001 முதல் மத்திய அரசின் தேசியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்பிற்கு முன் 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாறுதல் காலமாகக் கழிய வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையக்கூடும். இயற்கை விளைபொருளுக்குரிய முழுவிலையும் கிட்டாது. குடும்பத்தின் வயிற்றைக் கட்டி உழவர் காத்த அத்தனை பொறுமையும், யூரியா வந்த பழைய சாக்கில் நெல்லை நிரப்பும் ஒரு கணத்தில் வீணாகிவிடுமன்றோ?

கேடு புகும் வழிகள் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம். வாடகைக்கு வரும் அறுவடை எந்திரம், முன்னர் அறுத்த வயலின் நெல்லைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டே நம் வயலில் இறங்குகிறது. அதைத் துடைத்து இறக்குவதோடு, முதலில் விழும் நெல்லைச் சாதாரண நெல்லாகவே ஒதுக்கிவிடுதல் வேண்டும். அரிசி ஆலையிலும் இதே முறைதான்: எந்திரத்தைச் சுத்தம் செய்தபின் வரும் முதல் அரவையைச் சான்றுப் பொருளில் சேர்க்கலாகாது. களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் பஞ்சகவ்யத்தை ஊற்றுவதும் இவ்வகைக் குற்றமே. மஞ்சளை மெருகேற்றும்போது சந்தைக் கவர்ச்சிக்காக நிறப்பொடி தூவினால், உழவர் செய்த தவமெல்லாம் அந்தப் பீப்பாயிலேயே முடிந்துவிடும்.

கிடங்கைப் பற்றித் தனியே கூறவேண்டும். வண்டுக்கு அஞ்சி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போடும் வழக்கம் பல கிடங்குகளில் உண்டு. அங்கக விளைபொருள் அத்தகைய அறையில் இருத்தல் கூடாது. அதற்கு மாறான வழிகள் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. தானியத்தை நன்கு காயவைத்தல் முதற்காவல். ஈரம் மிகுந்த தானியத்தையே வண்டும் பூஞ்சணமும் முதலில் பற்றும். மூட்டைகளைத் தரையில் கிடத்தாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்குதல், சுவரை ஒட்டாமல் இடைவெளி விடுதல், வேப்பிலை, நொச்சி இலை, வசம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துதல் என்பன நம் முன்னோர் கையாண்டவை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பூச்சிப் பொறிகளைத் தானியத்தில் செருகிவைத்தால், வண்டின் வரவை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

நெசவாள அங்கத்தினர் இதை உழவர் விஷயமென்று எண்ணி ஒதுக்க வேண்டா. இயற்கைப் பருத்தியில் நூற்ற நூலும் சாதாரண நூலும் ஒரே அலமாரியில் கலந்துவிட்டால், எது எதுவென்று பிரித்தறியக் கண்ணால் இயலாது. உலக அளவில் வழங்கும் ஜவுளித் தரவிதி ஒன்று, இயற்கை ஆடை என்னும் முழு முத்திரைக்கு 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கை இழை வேண்டுமென்கிறது. அதோடு நில்லாமல், சாயத்தையும் துணைப்பொருள்களையும் அது சோதிக்கிறது. பருத்தி தூயதாயிருந்து சாயத்தொட்டி தூயதாயில்லையெனில் முத்திரை கிடையாது.

“சிறு உழவனுக்கு இத்தனை கட்டுப்பாடும் கணக்கும் எதற்கு?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. நேராக நுகர்வோரிடம் விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் சலுகை உண்டு. ஆனால், பலருடைய விளைச்சலை ஒன்றாகத் திரட்டித் தொலைவூருக்கு அனுப்பும் சங்கத்திற்கு, வாங்குவோரின் நம்பிக்கையைத் தவிர வேறு மூலதனம் ஏது? முகமறியாத ஒருவர் நம் மூட்டையின் மேலுள்ள எழுத்தை நம்பித் தம் குழந்தைக்கு உணவு வாங்குகிறார். அந்த எழுத்துக்கு நாம் அனைவரும் ஜவாப்தாரிகள்.

குழுச்சான்று முறையில் சான்றளிப்போர் ஒவ்வொரு வயலையும் தாமே பார்ப்பதில்லை. சில வயல்களைத் தேர்ந்து பார்த்து, மற்றவற்றிற்குக் குழுவின் உட்கண்காணிப்பையே நம்புகின்றனர். ஆகவே ஒருவர் மறைத்த குறை, குழுவினர் அனைவரின் சான்றையும் ஆட்டங்காணச் செய்யும். அயல் உழவர்கள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதிகூறும் பங்கேற்புச் சான்று முறையிலும் இதே கதிதான்.

எனவே, அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, கிடங்கில் ஓர் அறையை இயற்கை விளைபொருளுக்கென்றே ஒதுக்கிப் பூட்டும் சாவியும் தனியாக வைத்தல். இரண்டாவது, புதுச் சாக்குகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி, அடையாளம் அச்சிட்டு, அங்கத்தினர்க்குக் கொள்முதல் விலைக்கே வழங்குதல். மூன்றாவது, ஒவ்வொரு மூட்டைக்கும் உழவர் பெயர், வயல் எண், அறுவடை நாள், எடை, அரைத்த ஆலை ஆகியவற்றைக் குறித்த பதிவேடு வைத்து, மாதந்தோறும் இரு அங்கத்தினர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிடுதல்.

இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை, மனவுறுதி வேண்டும். சந்தேகத்திற்குரிய மூட்டை வாசலுக்கு வருகையில், அது தலைவருடையதாயினும் சரி, கடைசி அங்கத்தினருடையதாயினும் சரி, அதைச் சாதாரணச் சரக்கின் பக்கம் திருப்பிவிடும் துணிவு நமக்கு வேண்டும். அன்றைக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டாகலாம். ஆயினும் அந்த ஒரு மூட்டையைத் திருப்பிய சங்கமே எஞ்சிய நூறு மூட்டைகளையும் காத்த சங்கமாகும்.