பட்ட மரமும் பட்டினித் தாயும்



கடல் மீனின் விலை ஏறும் நாட்களில் நம் அடுக்களைக்குக் கைகொடுப்பது குளத்து மீன்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் வாசலுக்கு வரும் அந்த மீனைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. வழக்கமாக வரும் மீன்காரக் காக்கா அன்று உள்ளங்கை அளவான திலாப்பியா கொண்டுவந்தார். விலை மலிவு. இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி வாதாடி இரண்டு கிலோ வாங்கினேன். பின்னர் மீன் கழுவ உட்கார்ந்து, ஒன்றின் செவுளை எடுக்க விரலை விட்டபோது, அதன் வாய்க்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் சிறு மணிகள் உதிர்ந்தன. கடுகை விடச் சற்றுப் பெரியவை. பக்கத்தில் இருந்த மாமி குனிந்து பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்! முட்டை வயிற்றில் அல்லவா இருக்கும்? இதன் வாயில் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

எனக்கும் அன்று விடை தெரியவில்லை. பிறகுதான் தேடி அறிந்துகொண்டேன்.

திலாப்பியா நமது நாட்டு மீன் அல்ல. ஆபிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952 ஆம் ஆண்டு இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. இன்று நமது பெரிய குளங்களில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு இதுதான். இதன் ஆண் மீன், ஆழமில்லாத இடத்தில் மணலைத் தோண்டிக் குழி செய்யும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனேயே அம்முட்டைகளை வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரிப்பதும் அந்த வாய்க்குள்தான். இரண்டு மூன்று கிழமைகள் தாய் இவ்வாறு சுமக்கிறது. அந்த நாட்களில் அது உண்பது இல்லை என்றே சொல்லலாம். வாயைத் திறந்து இரை தேடினால் பிள்ளைகள் போய்விடுமே! குஞ்சுகள் வெளியே நீந்தப் பழகிய பின்னரும், ஆபத்து என்று கண்டால் கூட்டமாக ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும்.

நான் கையில் வைத்திருந்தது அப்படி ஒரு பட்டினித் தாய். விரித்த கைக்குள் அடங்கும் அந்த அளவிலேயே அது தாயாகிவிட்டிருந்தது.

அடுத்த முறை மீன்காரக் காக்கா வந்தபோது, "இந்த மீன் எங்கே பிடிபடுகிறது?" என்று கேட்டேன். "இங்கினியாகலைப் பக்கம் தங்கச்சி, பட்ட மரங்களுக்குள்" என்றார்.

அந்தப் பட்ட மரங்களை அம்பாறைப் பக்கம் போன சகோதரிகள் கண்டிருப்பீர்கள். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை 1949 இல் தொடங்கியது. அதனால் உண்டானதே சேனாநாயக்க சமுத்திரம். நமது வயல்களில் பலவற்றுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. நீர் ஏறியபோது காட்டு மரங்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. நீர் மட்டத்தில் வெயிலும் காற்றும் படும் பகுதி உக்கிப்போகும். அடியில் காற்றுக் குறைவாக இருப்பதால் அங்குள்ள மரம் பல பத்தாண்டுகள் உக்காமல் நிற்கும்.

பார்வைக்குச் செத்த மரம்தான். ஆனால் மீனுக்கு அது வீடு. மரத்தில் வழுவழுப்பாகப் பாசி படரும். அதில் சிறு பூச்சிகள் வாழும். திலாப்பியா அந்தப் பாசியை மேயும். மேற்கிளையில் நீர்க்காகம் காத்திருந்தாலும், கீழே கிளைகளுக்கிடையில் சிறு மீன்களுக்கு ஒளிய இடமுண்டு. அமெரிக்காவில் கிராப்பி என்றொரு ஏரி மீன் இருக்கிறது. அது மரக்கிளைகளுக்குள் கூடும் என்பதால், அங்கே வெட்டிய மரங்களில் பாரம் கட்டி ஏரிகளில் அமிழ்த்துகிறார்கள். அவர்கள் பாடுபட்டு அமைப்பது நமக்கு ஏற்கனவே அமைந்திருக்கிறது.

மீன் கூடும் இடத்துக்கு மீனவரும் வருவார். மாலையில் தோணியில் போய் மரங்களின் ஓரமாக வலையைக் கட்டி, விடியலில் எடுப்பார்கள். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. வலை கிளையில் மாட்டினால் இழுத்துக் கிழிக்க வேண்டும், அல்லது நீரில் இறங்க வேண்டும். இருட்டு நீரில், முறிந்த கிளைகளுக்கு நடுவில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். மீன்காரக் காக்கா தம் முழங்கையில் இருந்த நீண்ட தழும்பைக் காட்டினார். "வலைக்கடன் முடியவில்லை தங்கச்சி, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அதுதான் இறங்கினேன். அதற்குப் பிறகு, மாட்டினால் அறுத்துவிட்டு வா என்று வீட்டில் சொல்லிவிட்டாள்" என்றார். அந்தச் சகோதரிக்கு வலையை விடக் கணவர் பெரிது.

ஆனால் அறுத்துவிட்ட வலை சும்மா இருப்பதில்லை. பருத்தி நூல் என்றால் உக்கிவிடும். நைலோனும் தங்கூசியும் உக்குவதில்லை. ஆளில்லாமலே அது மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அகப்பட்ட மீன் யாருக்கும் உதவாமல் அழுகும். மாரிக்கு முன், குளம் வற்றிய நாட்களில் பார்த்தால், பட்ட மரங்களில் பழைய வலைகள் கந்தலாகத் தொங்கும் என்று அவர் சொன்னார். தங்கூசி வலையைச் சட்டம் தடைசெய்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலைக்கண் அளவுக்கும் சட்டம் உண்டு. குளங்களில் கட்டும் வலையின் கண்ணை இழுத்து அளந்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. அந்தக் கண்ணுக்குள் சின்ன மீன் நுழைந்து தப்பிவிடும். ஆனால் 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை அரசு நிறுத்தியிருந்தது. கேட்பாரற்ற அந்த நாட்களில் பல குளங்களில் சின்னக்கண் வலைகள் புகுந்தன. பின்னர் ஆதரவு மீண்டது, மீன்குஞ்சுகளும் விடப்படுகின்றன. என்றாலும் சின்னக்கண் வலை முற்றாக ஒழியவில்லை.

"ஏன் காக்கா அந்த வலையைப் போடுகிறார்கள்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் சிரித்தார். "சின்ன மீனைத்தானே நீங்கள் மலிவு என்று பேரம் பேசி வாங்குகிறீர்கள், தங்கச்சி? வாங்க ஆள் இல்லாவிட்டால் அந்த வலையை யார் போடுவார்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. அந்த வலையின் ஒரு முனை மரத்தில் கட்டியிருந்தால், மறுமுனை என் அடுக்களையில்தான் கட்டியிருக்கிறது என்று அப்போது விளங்கியது.

சகோதரிகளே, சட்டத்தைக் காப்பது அதிகாரிகளின் வேலை. நம் கையில் இருப்பது வாசலில் சொல்லும் ஒரு சொல். நான் இப்போது ஓர் அளவு வைத்திருக்கிறேன். திலாப்பியா என்றால் என் கையால் ஒரு சாணுக்குக் குறைந்ததை வாங்குவதில்லை. இயல்பிலேயே சிறியதாக இருக்கும் மீன் வகைகள் வேறு. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெரிய மீனுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன். மீனவர் பெரிய கண் வலை போட அந்தக் காசும் உதவவேண்டும் அல்லவா? கட்டுப்படியாகாத கிழமையில் மீனைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிச் சமைக்கிறேன். முதலில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். வாய்க்குள் பிள்ளை வளர்க்கும் மீனின் கதையைச் சொன்னதும் இளையவள் தானே சாண் போட்டு அளக்கத் தொடங்கிவிட்டாள்!

சேற்று மணம் பிடிக்காது என்று குளத்து மீனை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செவுளையும் வயிற்றின் உட்புறத்துக் கறுப்புத் தோலையும் முற்றாக எடுத்துவிடுங்கள். உப்பும் தேசிக்காய்ச் சாறும் பூசிச் சற்று நேரம் வைத்துக் கழுவுங்கள். புளிப்பு அந்த மணத்தை முறிக்கும். பிறகு மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் வீட்டில் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மீன்காரக் காக்கா இப்போதும் வருகிறார். எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் சின்ன மீன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றன. பெட்டியின் மேல்தட்டில் பெரிய மீன்களைத்தான் அவர் அடுக்கிக்கொண்டு வருகிறார். அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.